மெழுகு மணலில் வெறுங்கால்

குதிரை லாயங்களில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைமாரே, என்னைக் கண்டால் நீங்கள் கேட்கும் முதற் கேள்வி எப்போதும் ஒன்றுதான். குதிரை ஓட மண் பாதை நல்லதா, செயற்கைப் பாதை நல்லதா? கேட்டுவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். நான் இழுத்து இழுத்துப் பேசத் தொடங்கியதும் ஒருவர் கைத்தொலைபேசியை எடுப்பார், இன்னொருவருக்குத் திடீரென்று வேலை ஞாபகம் வரும். அதனால்தான் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். எழுதும்போது என்னை யாரும் இடையில் நிறுத்த முடியாது.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கடிவாளம் எப்படிப் பூட்டுவது, குளம்பை எப்படிச் சுத்தம் செய்வது என்பதெல்லாம் இதில் இல்லை. அவற்றைப் பக்கத்தில் வேலை செய்பவரே அரை நாளில் உங்களுக்குச் சொல்லித் தந்துவிடுவார். நான் சொல்லப்போவது என்னுடைய காலைப் பற்றி. குதிரையின் காலைப் பற்றி எழுதுவேன் என்று எதிர்பார்த்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. பலெர்மோவில், மொந்தே பெல்லெக்ரினோ மலையின் அடிவாரத்தில், தனியார் ஒருவரின் பயிற்சி லாயம். எல்லாம் இரண்டு சில்லு வண்டியை இழுத்து ஓடும் குதிரைகள். பாயக்கூடாது, ஒரே நடையில் விரைந்து ஓட வேண்டும். நடை மாறினால் போட்டியிலிருந்து விலக்கிவிடுவார்கள். நான் அங்கே பாதை பார்க்கிற ஆள். ட்ராக்டரின் பின்னால் இரும்புச் சீப்பைக் கட்டி இழுத்து மண்ணைச் சமப்படுத்துவது, தண்ணீர் விடுவது, கல் பொறுக்குவது. என்னோடு இன்னொரு தமிழரும் இருந்தார், மன்னார் சந்தியாப்பிள்ளை அண்ணை. குதிரைகளைக் குளிப்பாட்டித் தீனி வைப்பது அவர் வேலை. நம் ஆட்கள் எல்லோரும் சிஞ்ஞோரா என்கிற எஜமானிமாரின் வீடுகளில் தரை துடைத்துக்கொண்டிருந்த காலத்தில், நாங்கள் இருவரும் சாணம் மணக்க மணக்க, குடியிருந்த ஒரேத்தோப் பக்கத்துக்கு பஸ் ஏறுவோம். பஸ்ஸில் எங்களுக்கு எப்போதும் உட்கார இடம் கிடைத்தது.

அந்தக் காலைகளை நான் சரியாக விழிக்காதவனைப் போலத்தான் நினைவுகொள்கிறேன். மலை கிழக்குப் பக்கம் நின்றதால் சூரியன் எங்களிடம் தாமதமாகத்தான் வரும். நகரத்தில் வெயில் ஏறிவிட்டிருக்கும். எங்கள் பாதை மட்டும் நீல நிழலுக்குள் கிடக்கும். கடல் எங்கே இருக்கிறது என்று தெரியாது, மணம் மட்டும் வரும். குதிரைகள் மூச்சு விடுவது எலுமிச்சைத் தோட்டம் வரை கேட்கும். அந்த நிழலுக்குள் தனியாக ஒரு சுற்று நடந்து வந்தால், நான் எந்த நாட்டில் இருக்கிறேன், என்ன கவலையோடு எழும்பினேன் என்பதெல்லாம் கொஞ்ச நேரத்துக்கு மறந்துபோகும். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

நடந்து பார்க்கும் பழக்கம் ஒரு பிழையால் வந்தது. முதல் மாரியில் ஒருநாள் மழை பெய்து விட்டிருந்தது. காற்று மேல் மண்ணை உலர்த்தியிருந்தது. நான் வேலியில் சாய்ந்து நின்று கண்ணால் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, பாதை நல்லது என்றேன். தூர மூலையில் குதிரையின் கால் புதைந்து வண்டி சரிந்தது. வண்டி ஓட்டியவர் சேற்றில் முகம் குப்புற விழுந்தார். அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. தன்னைப் பற்றி யாராவது பேசத் தொடங்கினாலே எழும்பிப் போய்விடுகிற மனிதர். என் வயதுதான் இருக்கும். எழுந்து, சேற்றைத் துடைக்காமலே என்னிடம் நடந்து வந்தார். அடி விழப்போகிறது என்றுதான் நினைத்தேன்.

"பார்த்தாய். மிதித்தாயா?" என்றார்.

அவ்வளவுதான் கேட்டார். பிறகு தன் சப்பாத்துகளைக் கழற்றினார், என்னையும் கழற்றச் சொன்னார். அந்த மூலையில் இருவரும் வெறுங்காலோடு நின்றோம். மேலே காய்ந்த ஒரு தகடு, அதன் கீழே கூழ். கால் அதை ஒரு நொடியில் கண்டுபிடித்தது. அன்று முதல் ஒவ்வொரு காலையும் நான் வெறுங்காலோடுதான் பாதையைச் சுற்றினேன். சிசிலிக்காரர்கள் சிரித்தார்கள். ஆனால் குதிரையை வெளியே எடுக்க முன் என்னைத்தான் கேட்டார்கள்.

மண் பாதை வெளிப்படையானது. தினம் ஒரு குணம் காட்டும். ஈரம், புழுதி, கல், பள்ளம் எல்லாவற்றையும் காலுக்குச் சொல்லிவிடும். குதிரையின் குளம்பு அதில் இறங்கும்போது ஒரு துளி வழுக்கி, பிறகுதான் நிற்கும். அந்தத் துளி வழுக்கல் குதிரையின் காலைக் காப்பாற்றுகிறது. பின்னால் வருகிறவரின் வாய் நிறைய மண் போகும், அது வேறு விஷயம்.

மூன்றாம் வருடம் பத்ரோனே, அதாவது எங்கள் முதலாளி, லொறி லொறியாகப் புதிய சாமான் இறக்கினார். மெழுகு பூசிய மணல், அதற்குள் பொடியாகக் கிழித்த நார். பழைய மண் பாதையின் உட்புறமாக அதைப் பரப்பி இரண்டாவது பாதை ஒன்று போட்டார்கள். தண்ணீர் வேண்டாம், புழுதி இல்லை, மழை பெய்தாலும் சேறாகாது என்று பத்ரோனே வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் சொன்னார். சந்தியாப்பிள்ளை அண்ணை ஒரு பிடி அள்ளி மணந்து பார்த்தார்.

"தம்பி, இது கோயில் மெழுகுதிரியை உருக்கி ஊத்தினமாதிரியெல்லோ கிடக்கு. ஓடுறதுக்கோ, கும்பிடுறதுக்கோ?"

சிரித்தோம். ஆனால் அதில் குதிரைகள் ஓடுவதைப் பார்க்கச் சிரிப்பு வரவில்லை. சத்தமே இல்லை. மண் பாதையில் குளம்புச் சத்தம் தூரத்திலிருந்தே வரும். இதில் மலை நிழலுக்குள்ளிருந்து குதிரை ஓசையின்றி வந்து, ஓசையின்றிப் போகும். நுவோலா என்றொரு பெண் குதிரை இருந்தது. நுவோலா என்றால் மேகம். குதிரை கருஞ்சிவப்பு, மேகத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. மண் பாதையில் அது பத்தோடு பதினொன்று. மெழுகு மணலில் விட்டபோது பத்ரோனே கையில் இருந்த கடிகாரத்தை இரண்டு தடவை தட்டிப் பார்த்தார். நானும் வேலியைப் பிடித்தபடி வாயைத் திறந்துகொண்டுதான் நின்றேன்.

புதிய பாதையை நடந்து பார்க்கத் தேவையில்லை, அது எப்போதும் ஒரே மாதிரி இருக்கும் என்று பத்ரோனே சொல்லியிருந்தார். நானும் கேட்டுக்கொண்டேன். அந்தக் கோடையில் ஒரு காலை, இரண்டு பாதைக்கும் இடையில் நின்ற சுண்ணக்கல் மதிலை ஒட்டிய வளைவில், நல்லதொரு ஆண் குதிரையின் முன்னங்காலை மணல் பிடித்துக்கொண்டது. உடம்பு போய்விட்டது, குளம்பு அங்கேயே நின்றது. காலின் தசைநார் அறுந்த அந்தக் குதிரை பிறகு ஓடவேயில்லை. எனக்குப் பல நாள் சாப்பாடு இறங்கவில்லை.

வண்டி ஓட்டுகிறவர்தான் காரணத்தைக் கண்டுபிடித்தார். பின்னேர வெயில் முழுவதும் அந்த மதிலில் விழுகிறது. மதில் அதை வைத்திருந்து இரவு முழுக்க மணலுக்குக் கொடுக்கிறது. சிரோக்கோ, அதுதான் தெற்கிலிருந்து வரும் சுடுகாற்று, அடிக்கிற நாட்களில் இரவிலும் மெழுகு ஆறாது, விடியும்போதும் இளகியே இருக்கும். மேலே பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது.

"மண்ணிடம் ஈரமா என்று கேள்," என்றார். "இதனிடம் சூடா என்று கேள். இரண்டு கேள்வியையும் மாற்றிக் கேட்டுவிடாதே."

அந்தக் கேள்வியைக் கேட்கப் பழக என் காலுக்கு ஒரு வருடம் பிடித்தது. பரவாயில்லாத சூடு ஒன்று உண்டு, ஆபத்தான சூடு ஒன்று உண்டு. இரண்டுக்கும் இடையில் மயிரிழைதான். காலை ஆறு மணிக்கு மதில் வளைவில் நின்று நான் வேண்டாம் என்றால், அன்றைக்கு உட்பாதை பூட்டு. பத்ரோனேயும் மறுத்துப் பேசமாட்டார். அந்த லாயத்தில் என் பேச்சுக்கு மரியாதை இருந்தது அந்த ஒரு வசனத்துக்கு மட்டும்தான். அதில் எனக்குப் பெருமையும் கொஞ்சம் இருந்தது, ஏன் மறைப்பான்.

இனி என் வீட்டு விஷயத்தையும் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் மிச்சம் விளங்காது. என் மனைவி வதனி யாழ்ப்பாணத்திலிருந்து வெளிக்கிட்டு, கொழும்பில் வெள்ளவத்தை லொட்ஜ் ஒன்றில் இரண்டு வருடமாக இருந்தாள். என்னிடம் பெர்மெஸ்ஸோ, அதாவது வதிவிட அனுமதி, இருந்தது. அவளைக் கூப்பிடுவதானால் முழுநேர வேலை தருகிறேன் என்று பத்ரோனே எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். அதுவரை அரை நேரக் கணக்கில்தான் என்னை வைத்திருந்தார். கெட்ட மனிதர் அல்ல, கையில் காசோட்டம் இல்லாத மனிதர். "நுவோலா விற்கட்டும், அன்றைக்கே வைக்கிறேன்" என்று சொல்லியிருந்தார். வடக்கிலிருந்து ஒருவர் நுவோலாவைப் பார்க்க வருவதாக ஒரு திங்கட்கிழமை முடிவாயிற்று. அவருடைய லாயத்திலும் மெழுகு மணல் பாதைதான். நுவோலா அதில் ஓடுவதைப் பார்க்கத்தான் வருகிறார். அந்த வியாழக்கிழமையே குவெஸ்தூராவில், வெளிநாட்டாரின் பத்திரங்களைப் பார்க்கும் பொலிஸ் அலுவலகத்தில், எனக்கு நாள் கிடைத்திருந்தது.

அதற்கு முதல் நாள் ஞாயிறு. பலெர்மோத் தமிழர் ஞாயிற்றுக்கிழமைகளில் மலை ஏறி சாந்தா ரொசாலியாவின் குகைக்குப் போவது உங்களுக்குத் தெரியும். வேதக்காரரான கிறிஸ்தவர்களும் போவார்கள், சைவக்காரரும் போவார்கள், அந்தப் புனிதை எங்களைப் பிரித்துப் பார்த்ததில்லை. வதனியைக் கூப்பிடப் பத்ரோனேயின் கடிதம் கைக்கு வந்தால் செருப்பில்லாமல் ஏறுகிறேன் என்று நேர்த்தி வைத்திருந்தேன். வந்த பிறகு ஏறுவதுதான் முறை. நான் அவசரக்காரன், வர முன்னரே ஏறிவிட்டேன். லாய வேலை முடித்து மலைப் பாதையில் கால் வைத்தபோது உச்சி வெயில். சிரோக்கோவும் அடித்துக்கொண்டிருந்தது.

"செருப்பைப் போடு தம்பி," என்றார் சந்தியாப்பிள்ளை அண்ணை. "உன்ரை கால் வெந்து அந்தப் பிள்ளைக்கு என்ன காணப்போகுது?"

"நேர்த்தி வைச்சிட்டன் அண்ணை."

"நேர்த்தி வைச்சது நீ. நடக்கிறதைப் பாத்துக்கொண்டு வாறது நானெல்லோ."

குகைக்குள் குளிர்ந்த நீர் சொட்டிக்கொண்டிருந்தது. அங்கே நின்றபோது வேதனையே இல்லை. கனவுக்குள் நிற்பதுபோல இருந்தது. இறங்கி வரும்போது உள்ளங்கால் இரண்டும் கொப்பளித்து உடைந்துவிட்டன. அறைக்கு வந்ததும் அண்ணை தன் போத்தலிலிருந்து மெந்தோல் தைலத்தை அள்ளி அப்பினார். குளிர்ச்சி எலும்பு வரை போனது. நித்திரை கொண்டேன். விடிய எழும்பி இன்னொரு தடவை நானே பூசிக்கொண்டு வேலைக்குப் போனேன்.

இந்த இடத்தில் நீங்கள் சிரிக்கலாம். நானும் பல வருடம் கழித்துச் சிரித்திருக்கிறேன். கால்தான் சோறு போடுகிறது என்று இருக்கிறவன், அந்தக் காலையே மலையில் வேகவைத்து, அதன் மேல் குளிர்த் தைலமும் பூசிக்கொண்டு, பாதை சுடுகிறதா என்று பார்க்கப் போனேன்.

ஆறு மணி. நீல நிழல். வெளிப்பாதையைச் சுற்றினேன், உட்பாதையைச் சுற்றினேன். மதில் வளைவில் நின்றேன். குளிர்ச்சி. இதமான, சீரான குளிர்ச்சி. இவ்வளவு நல்ல பாதையை நான் மிதித்ததேயில்லை. வதனி விமானத்திலிருந்து இறங்கி வருவதுகூட என் கண்ணில் தெரிந்தது. பத்ரோனேயிடம் போய், "நல்லது" என்றேன். அவர் என் தோளைப் பிடித்து ஒரு உலுக்கு உலுக்கினார்.

எட்டு மணிக்குக் கிட்ட, நானும் அண்ணையும் லாயத்தின் பின்புறக் குழாயில் கால் கழுவிக்கொண்டிருந்தோம். குதிரை குளிப்பாட்ட வெந்நீர்த் தொட்டியிலிருந்து வரும் குழாய் அது. சில நேரம் திடீரென்று சுடும். அண்ணை காலை வெடுக்கென்று இழுத்தார்.

"சீ, தண்ணி சுடுது."

நான் நீருக்குள்ளேயே நின்றுகொண்டிருந்தேன். எனக்குச் சுடவில்லை. ஈரம்கூடத் தெரியவில்லை. நீர் உள்ளங்காலுக்குக் கீழே ஓடுவதைக் கண்ணால்தான் கண்டேன்.

கொஞ்ச நேரம் எதுவும் ஓடவில்லை. பிறகு எல்லாம் ஒன்றாக ஓடியது. நான் காலையில் மிதித்தது பாதையை அல்ல, தைலத்தை. அண்ணைக்குச் சொன்னேன். அவர் என் காலையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நான் ஒருக்கா நடந்து பாக்கட்டோ?"

"உங்களுக்குப் பிடிபடாது அண்ணை. எனக்கே ஒரு வருசம் எடுத்தது."

"அப்ப பேசாமல் இரு. பாதை நல்லாயும் இருக்கலாம்தானே."

"இருக்கலாம்."

"பிறகென்ன? வதனியை நினைச்சுப் பார். அந்தப் பிள்ளை அங்கை என்ன பாடு படுகுது."

"இருக்கலாம் எண்டு நான் காலமை சொல்லேல்லை அண்ணை. நல்லது எண்டெல்லோ சொன்னனான்."

அவர் குழாயை மூடினார்.

முன்பக்கம் வந்தேன். வடக்கிலிருந்து வந்தவரின் கார் வாசலில் நின்றது. அவரும் பத்ரோனேயும் வேலியருகே பேசிக்கொண்டிருந்தார்கள். நுவோலா வண்டியில் பூட்டப்பட்டு நின்றது. ஓட்டுகிறவர் தாழ்ந்த இருக்கையில், குதிரையின் வாலுக்கும் தன் முகத்துக்கும் ஒரு முழ இடைவெளி இல்லாமல் உட்கார்ந்து கையுறை போட்டுக்கொண்டிருந்தார். அந்த வளைவில் குதிரை விழுந்தால் அவர் அதற்கு மேலால் போய் மதிலில்தான் விழுவார். முன்பு சேற்றில் விழுந்தபோது தரை மெத்தென்று இருந்தது.

வாசலிலிருந்து வேலிக்கு ஐம்பது அடி இருக்கும். இப்போதும் கனவில் அந்த ஐம்பது அடியை நடக்கிறேன், முடிவதேயில்லை. நடக்கும்போது ஒரு நல்ல யோசனை வந்தது. பாதை கெட்டது என்று சொல்லிவிட்டால் என்ன? சிரோக்கோ கூடிவிட்டது, வளைவு இளகிவிட்டது என்று ஒரு சொல். கேட்பதற்குக் கெட்டிக்காரத்தனமாக இருக்கும். வந்தவரும் பத்ரோனேயின் கவனத்தை மெச்சி இன்னொரு நாள் வருவார். ஒருவருக்கும் வெட்கம் இல்லை. ஆனால் அதுவும் எனக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்ததாகச் சொல்வதுதான். காலையில் ஒரு தடவை அப்படிச் சொல்லிவிட்டுத்தான் இந்த நிலைக்கு வந்திருக்கிறேன்.

"பாதை எப்படி என்று எனக்குத் தெரியாது," என்றேன்.

அவர்கள் பேசியதைத் தமிழில் எழுதுகிறேன், சிசிலியனில் இதைவிடக் காரமாக இருந்தது.

"ஆறு மணிக்கு என்ன சொன்னாய்?" என்றார் பத்ரோனே.

"நல்லது என்றேன்."

"இப்போது கெட்டதா?"

"தெரியாது. என் கால் மரத்திருக்கிறது. காலையிலும் மரத்துத்தான் இருந்தது. எனக்கு அப்போது விளங்கவில்லை."

"கெட்டது என்றாவது சொல்லித் தொலை," என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு, மெதுவாக.

"அதுவும் தெரியாது."

வந்திருந்தவர் மரியாதையாக மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பத்ரோனேயின் கழுத்து சிவந்துகொண்டு வந்தது. என் வாழ்நாளில் நான் அவ்வளவு சின்னவனாக ஒருபோதும் நின்றதில்லை. காலுக்கு என்ன என்று யாராவது கேட்டிருந்தால் அழுதிருப்பேன்.

ஓட்டுகிறவர் இறங்கவில்லை. நுவோலாவின் வாயைத் திருப்பி, உட்பாதையின் வாயிலைத் தாண்டி, வெளிப்புற மண் பாதைக்குள் விட்டார். பத்ரோனே கூப்பிட்டார். "தெரியாத பாதையில் நான் ஓட்டுவதில்லை" என்ற பதில் மட்டும் புழுதிக்குள்ளிருந்து வந்தது.

நுவோலா மண்ணில் ஓடியது. அப்போதுதான் சூரியன் மலைக்கு மேலே வந்தான். புழுதி முழுவதும் பொன்னிறமாக எழும்பி, அதற்குள் குதிரையும் வண்டியும் மிதந்து போவதுபோல இருந்தது. அழகு என்றால் அவ்வளவு அழகு. ஆனால் வேகம் இல்லை. வந்தவர் கோப்பியைக் குடித்தார், எல்லோரோடும் கைகுலுக்கினார், என்னோடும் குலுக்கினார், போய்விட்டார்.

கார் மறைந்ததும் பத்ரோனே ஒரு கிழட்டுக் குதிரையைப் பூட்டச் சொன்னார். ஓட்டுகிறவர் அதை உட்பாதையில் முதலில் நடத்தினார், பிறகு மெல்ல ஓட்டினார், மதில் வளைவில் இறங்கி முழங்கை வரை மணலுக்குள் விட்டுப் பார்த்தார். என்னைக் கூப்பிட்டு என் கையைப் பிடித்து உள்ளே வைத்தார். காலுக்குத்தான் சுரணை இல்லை, கைக்கு இருந்தது; பதற்றத்தில் அது எனக்குத் தோன்றவேயில்லை. மணல் குளிர்ந்து இறுகி நன்றாகவே இருந்தது. இரவில் காற்று மாறிக் கடற்காற்று வந்திருக்கிறது. நான் நித்திரையில் இருந்திருக்கிறேன்.

"நல்லது," என்றார் பத்ரோனே.

"ஓம்," என்றேன், தமிழிலேயே.

அவர் என்னை வேலையிலிருந்து நிறுத்தவில்லை. ஏசவும் இல்லை. வியாழக்கிழமை கையெழுத்தும் இல்லை. "குதிரை விலைபோகவில்லையே, நான் என்ன செய்ய" என்றார். அது உண்மைதான். அவரோடு எனக்குக் கோபம் இல்லை. எனக்கு என்னோடுதான் கோபம், அதுவும் எந்தப் பிழைக்குக் கோபிப்பது என்று தெரியாத கோபம். மலை ஏறியதற்கா, தைலம் பூசியதற்கா, வாயைத் திறந்ததற்கா?

செவ்வாய்க்கிழமை காலை நான் பாதைக்கு வந்தபோது ஓட்டுகிறவர் வேலியில் காத்திருந்தார். "கால் எப்படி?" என்றார். இன்னும் ஆறவில்லை என்றேன். அன்றைக்கு உட்பாதையைப் பூட்டினார். அதன்பிறகு அந்த லாயத்தில் நான் இருந்த காலம் முழுவதும் முதலில் கால் எப்படி என்றுதான் கேட்பார், பாதை எப்படி என்பது அடுத்த கேள்வி. ஒருவர் என் வேலையை அவ்வளவு மதித்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். மண்ணா, மெழுகு மணலா? மண் தன் குறையை மறைக்காது, ஆனால் நாளுக்கு நாள் மாறும். மெழுகு மணல் முகத்தை மாற்றாது, ஆனால் உள்ளே மாறும். சில குதிரைக்கு அது, சில குதிரைக்கு இது. இதைச் சொன்னால் மழுப்புகிறேன் என்கிறீர்கள். எந்தப் பாதை என்றாலும், சொல்ல முன் உங்களை நீங்களே ஒரு தடவை தட்டிப் பாருங்கள். நித்திரை போதாதா, காய்ச்சலா, வீட்டு நினைப்பா, நல்ல செய்தி வரப்போகிற சந்தோசமா. எனக்கு அந்தக் காலை தைலமும் இருந்தது, சந்தோசமும் இருந்தது. எது அதிகமாக மரக்கச் செய்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அதோடு முடித்தால் நான் ஏதோ பெரிய நேர்மைக்காரன் என்று நினைத்துக்கொள்வீர்கள். அதனால் மிச்சத்தையும் எழுதுகிறேன்.

குவெஸ்தூராவுக்குப் போகவேண்டிய வியாழக்கிழமை பின்னேரம், ஸ்தாசியோனே சென்ட்ராலே என்கிற பெரிய ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலிருந்த தொலைபேசிக் கடைக்குப் போனேன். லொட்ஜுக்கு எடுத்தேன். வதனி ஓடி வந்து எடுத்தாள், மூச்சு வாங்கியது.

"கையெழுத்து வைச்சிட்டாரோ?"

"இல்லை."

நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். மலை ஏறியதை, தைலத்தை, குழாயை, வந்தவர் கோப்பி குடித்ததை.

"கடைசியிலை பாதை நல்லாத்தான் இருந்ததோ?"

"ஓம்."

"ஆனா அந்த நேரம் உங்களுக்கு அது தெரியாது."

"தெரியாது."

"அப்ப வேறை என்னத்தைச் சொல்லுறது," என்றாள்.

பிறகு தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு அழுதாள். பொத்தினாலும் கேட்டது. நான் கூண்டுக்குள் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். வெளியே பஸ்கள் வந்து வந்து போயின. பின்னால் ஆட்கள் நிற்கினம், வைக்கிறன் என்று சொல்லி அவள்தான் வைத்தாள்.

பத்ரோனே பிறகு வேறொரு குதிரையை விற்றுக் கையெழுத்து வைத்தார். எல்லாம் சரிவந்து வதனி பலெர்மோவுக்கு வந்து சேரப் பதினான்கு மாதம் ஆனது. அந்தப் பதினான்கு மாதத்துக்குள் ஒருநாள் பொலிஸார் லொட்ஜைச் சுற்றிவளைத்து, அவளை விசாரணை என்று ஏற்றிக்கொண்டு போய் நான்கு நாள் வைத்திருந்திருக்கிறார்கள். எனக்கு அது தெரியாது. அந்தக் கிழமைகூட அவளோடு தொலைபேசியில் கதைத்திருக்கிறேன்; தடிமன், குரல் அடைத்திருக்கிறது என்றாள், நம்பினேன். அவள் இங்கே வந்து மூன்று வருடம் கழிந்த பிறகு, ஒரேத்தோ வீட்டில், வுச்சீரியாச் சந்தையில் வாங்கி வந்த கத்தரிக்காயை வெட்டிக்கொண்டிருந்தபோது, வேறு ஏதோ கதைக்கு நடுவில் வந்து விழுந்தது.

கதிரையை இழுத்து அவளுக்கு முன்னால் உட்கார்ந்தேன்.

"ஏன் எனக்கு அப்பவே சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

அவள் கத்தரிக்காயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"சொல்லியிருந்தா, அடுத்தமுறை நீங்கள் பாதை நல்லது எண்டு சொல்லியிருப்பியள்."